கொடி அறுத்த மாந்தோப்பு

தாவரவியல் படித்து முடித்து ராஜபாளையத்தில் வேலையில்லாமல் இருந்தபோது, மரம் அளக்கும் வேலை ஒன்று கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகள் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. மரம் பெருக்கப் பெருக்கத் தோப்புக்காரர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி, மரத்தின் சுற்றளவைப் படிவத்தில் எழுத வேண்டும். அண்ணாந்து பார்க்கும் வேலையே கிடையாது.

மேலாளர் சென்னையிலிருந்து காரில் வந்து, உடம்பெல்லாம் பை வைத்த சட்டையோடு இறங்குவார். காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் லேப்டாப்புக்குள் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பழைய மாந்தோப்பில் நின்று, மரத்துக்கு மரம் பின்னிக் கிடந்த கொடிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதெல்லாம் மரத்தை அமுக்குது. அறுத்துட்டா மரம் சீக்கிரம் பெருக்கும். பட்ட மரத்தையும் எடுத்திடுங்க. அதுல வளர்ச்சியே இல்லை."

"சார், இங்க சாம்பல் அணில் இருக்கு, அபூர்வமான மலை அணில். அந்தக் கொடி வழியாத்தான் போகும். தரையில அதிகமா இறங்காது" என்றேன்.

"இறங்கிப் பழகிக்கும்" என்றார்.

தோப்பு ஒரு அம்மாவுடையது. கணவர் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டு, "நீ படிச்சவ. நீ என்னம்மா சொல்லுத?" என்று கேட்டார்.

"அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த மேலாளரைவிட என்மீதுதான் அருவருப்பு அதிகம்.

ஒரு வாரத்தில் பாதித் தோப்பு கல்யாண மண்டபம் மாதிரி துப்புரவானது. அறுத்த கொடியும் பட்ட மரமும் லாரியில் செங்கல் சூளைக்குப் போயின. அவற்றில் இருந்த கார்பன் புகையாகப் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லையாம்.

பத்து நாள் கழித்துக் காலையில் போனபோது, வெட்டவெளியான இடத்தில் நாய்கள் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. விரட்டிவிட்டுப் பார்த்தால் சாம்பல் அணில். அடுத்த மரத்துக்குத் தாவ வழியில்லாமல் இறங்கியிருக்கிறது. முகமும் வாலும் மட்டும் சிதையாமல் கிடந்தன.

அன்று வந்திருந்த மேலாளர் குனிந்து பார்த்தார். "அபூர்வமானதாமே? முகம் மட்டும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. ரிப்போர்ட்ல பல்லுயிர்ப் பக்கம் காலியா இருக்கு."

நான் டேப்பை அவர் கார்மேல் வைத்துவிட்டு, தோப்புக்கார அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"வேலை போயிரும்னு பயந்தேன்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, மேலாளரிடம் வந்து, "மீதித் தோப்புல ஒரு கொடி மேல கை வைக்கப்பிடாது. ஆளுகளைக் கூட்டிட்டுக் கெளம்புங்க" என்றார். மேலாளர் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

என் வேலையும் அன்றோடு போனது. பக்கத்துத் தோப்புகளை வைத்தே கம்பெனி ரிப்போர்ட்டை முடித்துக்கொண்டது. வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். பல்லுயிர்ப் பக்கத்தில் ஒரு மயில் நின்றது.

அறுக்காத பாதியில் அணில்கள் இன்னும் இருக்கின்றன. போன மாதம் போனபோது, அறுத்த பாதியில் கொடி திரும்ப மரத்துக்கு மரம் சேர எத்தனை வருஷம் ஆகும் என்று அம்மா கேட்டார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.