அத்தையின் எதிர்க்கட்சி

பர்மாவில், அலோன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறு மதியம் அத்தை வகுப்பு எடுப்பாள். அப்பாவின் தங்கை, ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கல்லூரி வேலையை உதறியவள். ஷ்வேப்யிதா பகுதியின் தையல் ஆலைகளில் வேலை பார்த்த இளைஞர்கள் வருவார்கள். டீச்சர் என்பதற்குப் பர்மியச் சொல்லான ‘சயாமா’ என்றே அவளை அழைப்பார்கள்.

அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்சிகள் பிறந்த கதைதான் பாடம். மத்திய அரசுக்கு எவ்வளவு அதிகாரம், மாநிலங்களுக்கு எவ்வளவு என்று சண்டை போட்டே அந்த நாடு இரண்டு கட்சியானதாம். மாநிலங்களின் பக்கம் அத்தை பேசுவாள். எதிர்ப்பக்கம் பேச அப்பா வந்து உட்காருவார். அவர் நடிக்கவில்லை, நம்பியதைத்தான் பேசினார்.

“நடுவுல பலமா ஒரு அரசாங்கம் இல்லேன்னா, சொந்தமா மாநிலம் இல்லாத நம்ம தமிழாளுங்க எங்க போயி நிக்கிறது?”

“அமெரிக்காவுல அந்தப் பலமான அரசாங்கந்தாண்ணே, தன்னைத் திட்டி எழுதுனவங்கள ஜெயில்ல போடச் சட்டம் கொண்டாந்துச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?”

அப்பா தலையைச் சொறிவார். எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வயதில் எனக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு இருக்கவில்லை.

கூட்டாட்சி என்று சொல்வதே குற்றமாகிவிட்ட காலம் அது. ஒரு ஞாயிறன்று மாணவர்கள் வருமுன்பே துப்பாக்கியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். “இங்கே வேறு யாரெல்லாம் பேசுவது?” என்று அவர்களில் பெரியவன் பர்மிய மொழியில் கேட்டான். ‘நானும்தான்’ என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

“இவரைப் பார்க்கிறீர்களா? இவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வகுப்பை நிறுத்தச் சொல்லி ஓயாத சண்டை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.”

கீழ்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணனும் தங்கையும் கத்துவது தெருவுக்கே தெரியும் என்று அவள் சொன்னாள். அத்தையை மட்டும் கூட்டிப்போனார்கள். படியிறங்கும்போது அவள் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடியுமுன், சிறையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்று சொல்லியனுப்பினார்கள். உடலைத் தரவில்லை. படத்தை வைத்துத்தான் காரியம் செய்தோம்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். “அத்தை ஏம்ப்பா உங்களப் பத்தி அப்படிப் பொய் சொன்னாங்க?”

அப்பா அத்தையின் படத்தைத் துடைத்து வைத்தார்.

“அவகிட்ட நான் ஒருநாளும் பேசி ஜெயிச்சதில்லடா, அன்னைக்குங்கூட,” என்றார்.

நான் கேட்டது அதுவல்லவே என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.