றோசமலரின் இரண்டாவது பரிசோதனை

றோசமலரைப் போதைக்காரி என்று எவராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மன்னார்க்காரி. இத்தாலியில், போர்கோ வெக்கியோப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். வைன் ஊற்றிய கேக்கைக்கூட மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பாள். அவளையா!

அவளுக்கு விசா இல்லை. தொண்ணூற்றாறில், வேலை கொடுத்தவர் கையெழுத்து வைத்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைக்கும் என்ற நிலை வந்தது. றோசமலர் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்காரியின், கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வைப்பதாகச் சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாசியில் அவளுக்கு விடாத இருமல். சுகாதாரக் கார்ட் இல்லாதவளுக்கு எந்த டாக்குத்தர் மருந்து எழுதுவார்? எங்கள் ஆட்களிடம் அதற்கொரு வழி இருந்தது. கார்ட் உள்ளவர் போய், தனக்குத்தான் இருமல் என்று சொல்லி எழுதுவித்து, மருந்தை வாங்கிக் கொடுப்பார். எங்களோடு பூசைக்கு வரும் கத்தரீனா அக்காவும் அப்படித்தான் தன் பெயரில் பாணி மருந்து எடுத்துக் கொடுத்தா. அதைக் குடித்துவிட்டுப் போனவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கி விழுந்திருக்கிறாள். வாசற்படிகளில் போதை ஊசி கிடந்த காலம் அது. சிஞ்ஞோரா பயந்துபோய் அவளை ஒரு தனியார் லாபுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பில் எழுதுகிறவன் மலிவான பரிசோதனைக்குரிய கோட் எண்ணைப் போட்டான். அந்தக் கோட் எண்ணுக்கு, அபின் வகைச் சாமான் ஏதாவது உடம்பில் உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உண்டு என்று வந்தது. ஹெரோயினா, இருமல் மருந்தா என்று பிரித்துப் பார்க்க வேறு கோட் போடவேண்டும். அறுவான், அப்படி ஒன்று இருப்பதாக வாயே திறக்கவில்லை.

நான் விடவில்லை. கோயிலடி இலவசக் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்குத்தர் முடிவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, போடவேண்டிய கோட் எண்ணை எழுதித் தந்தார். லாபில் மிச்சமிருந்த அதே சிறுநீரில் மறுபடி பார்த்தார்கள். கோடீன். வெறும் இருமல் மருந்து!

துள்ளிக்கொண்டு போனோம். சிஞ்ஞோரா வாசித்தாள், முகம் இளகியது. பிறகு கேட்டாள்: "உன்னிடம் கார்ட் இல்லையே. யார் எடுத்துத் தந்தது? பெயரைச் சொல், கையெழுத்து வைக்கிறேன்."

"சொல்லடி!" என்று நான் தமிழில் கத்தினேன்.

"சொன்னா அக்கான்ரை கார்டைப் பறிச்சுப்போடுவினம். மூண்டு பிள்ளையளோடை அவ என்ன செய்யிறது?"

திரும்பி, தெருவில் முன்பின் தெரியாத ஒருவனிடம் வாங்கியதாகச் சிஞ்ஞோராவிடம் சொன்னாள். சிஞ்ஞோரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். கையெழுத்து அதோடு போயிற்று.

ஞாயிறு பூசைக்குள் றோசமலர் போதைக்காரி என்ற கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. நடந்தது முழுவதையும் கத்தரீனா அக்காவுக்கு நானே சொல்லியிருந்தேன். பூசை முடிய அவவின் பிள்ளைகள் றோசமலரிடம் ஓடி வந்தார்கள். அக்கா இழுத்துப் பிடித்தா.

"குறை நினையாதை மலர். சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. பிள்ளையள் இருக்கிற வீடு. கொஞ்ச நாளைக்கு எங்கடை பக்கம் வராதை."

எனக்குப் பற்றி எரிந்தது. வாயைத் திறந்தேன். றோசமலர் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓமக்கா," என்றாள். "வரமாட்டன்."