வாசலில் தட்டிப் பார்க்க ஓர் ஆள்

ஜப்பான் கார்ட்டூன் பாத்திரங்களாக வேடம் போட்டுக்கொண்டு அனிமே விழாவுக்குப் போகிறவர்கள் நிலாவைப் பிடித்துத் தரச் சொல்வதில்லை. டிக்கெட் எடுத்தவர்களை வெயிலில் காயப்போடக் கூடாது. உடை மாற்ற, தாழ்ப்பாள் விழுகிற ஓர் அறை வேண்டும். குடிக்கத் தண்ணீர். கேட்காமல் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறவனை வெளியே தள்ள ஒருவர். அப்புறம் வாசலில், வேடத்துக்கென்று கொண்டுவந்த கத்தியையும் முகமூடியையும் வாங்கித் தட்டிப் பார்க்க ஓர் ஆள். அந்த ஆள் இல்லாததால்தான் எனக்கு இடது கண் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் அக்கா வேலை பார்த்தாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் அனிமே பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகி, சென்னையில் நடக்கும் விழாவுக்கு வெள்ளை நரி வேடத்தில் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மற்ற ஊர்ப் பிள்ளைகள் முகமூடியை அட்டையிலோ ஃபோம் ஷீட்டிலோ வெட்டி ஒட்டுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பொருள் நன்றாக வர வேண்டுமென்றால் அது சூளைக்குத்தான் போகும்.

“அட்டையாடி? வேர்வையில ஊறிப் பூடும். நான் சுட்டுத் தரேன், உம் பேரப்புள்ள காலத்துக்கும் கெடக்கும்” என்றாள் அக்கா.

முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, பொம்மைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டெடுத்தாள். மெல்லிசான பீங்கான், பளபளப்பு, காதோரம் சிவப்புக் கோடு. அம்மாடி, என்ன அழகு! முகத்தில் வைத்ததும் சில்லென்று இருந்தது.

அக்காவும் துணைக்கு வந்தாள். விழா மண்டபத்தின் வாசலில் நின்றவன் எங்கள் கையில் நுழைவுப் பட்டையை மாட்டிவிட்டு “போங்க, போங்க” என்றான். முகமூடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேடமிட்டவர்களை மேடைக்குக் கூப்பிட்டதும் எல்லோரும் முண்டியடித்தார்கள். தடுக்க ஒரு கயிறு கூடக் கட்டியிருக்கவில்லை. எவனோ திரும்பிய வேகத்தில் அவனுடைய மரக்கத்தியின் பிடி என் முகத்தில் மோதியது. சத்தம் சின்னதுதான், டீ கிளாஸ் விழுந்தது மாதிரி. முதலுதவி எங்கே, முதலுதவி எங்கே என்று அக்கா கத்தினாள். அவர்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். நாசமாய்ப் போனவர்கள்!

மருத்துவமனையில் கண்ணில் குத்திய பீங்கான் சில்லை எடுத்தார்கள், கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கா கம்பெனியை விட்டு நின்றாள். என்னோடு கடைத்தெருவுக்கு வந்தாலும் வலது பக்கமாகவே நடந்தாள். என் இடது பக்க முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. “உங் கண்ண நாந்தாண்டி புடுங்கிட்டேன்” என்று சோற்றுத் தட்டின் முன் அழுவாள். “நீ என்னக்கா செய்வே? வாசல்ல நின்னவன்தான பாத்திருக்கணும்” என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஏறவில்லை. வாசலில் ஒழுங்காகச் சோதிப்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவாள் என்று தோன்றியது.

இந்த வருடம் வேறொரு விழாவுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். முகமூடி ஃபோம், நானே வெட்டியது. வரிசை நிழலில் நின்றது, குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த பெண் முகமூடியைக் கையில் வாங்கினாள். வளைத்தாள், விரலால் தட்டினாள், உள்விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

“சாஃப்டாதான் இருக்கு. போலாங்க.”

அக்கா நகரவில்லை. “ஏங்க, இதப் பீங்கான்ல செஞ்சிருந்தா?”

“உள்ள விட மாட்டோங்க. வாங்கி வச்சிட்டு, போறப்ப குடுப்போம். ஆசையா செஞ்சி எடுத்துட்டு வர்றாங்க, அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? பாக்கத்தானே நாங்க நிக்கிறோம்.”

இந்த வார்த்தையைக் கேட்க வைக்கத்தான் அவளை அவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். கேட்டதும் நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தேன், மடச்சி. அக்கா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கி எங்க போயிருந்தம்மா நீ?”

வரிசையே பார்க்க வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள், ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்புறம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுற்றிவந்து, இடது பக்கமாக நின்று என் கையைப் பிடித்தாள்.