திறக்காமல் படிப்பவள்

செய்தியைத் திறக்காமலே படிப்பதில் அவள் கைகாரி. போன் திரையின் உச்சியில் எட்டிப் பார்க்கும் முதல் வரிகளை ஓரக்கண்ணால் மேய்ந்துவிட்டுக் கட்டைவிரலால் ஒதுக்கிவிடுவாள். படித்ததைக் காட்டும் நீல டிக் அனுப்பியவருக்குப் போகாது. "பாத்துட்டோம்னு தெரிஞ்சா பதில் சொல்லியாகணும்டி. எதுக்கு வம்பு?" என்பாள்.

உடனே அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயரே ஆம்புலன்ஸ். வகுப்புக் குழுவில் யாராவது நோட்ஸ் கேட்டு வாய் மூடுவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருப்பாள். ரத்தம் வேண்டும் என்று ஒரு செய்தி வந்தால், தெரிந்த குழுக்களுக்கெல்லாம் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு வந்து குவியும் இதயங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை ஆறவிடுவாள். "முதல்ல சாப்பிடு, அப்புறமா உலகத்தைக் காப்பாத்து" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருத்தர் தனியாக வந்து கேட்டால்தான் இந்த ஆம்புலன்ஸ் மக்கர் பண்ணும். அப்போது அவளுக்கு ஏதாவது வேலை இருக்கும். பொய் சொல்கிறாள் என்று சொல்ல முடியாது. அவளே அதை நம்புகிறாள்.

நேற்றுச் சாயங்காலம், வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் தோழி அனுப்பியிருந்தாள்: "கொஞ்சம் பேசலாமா? தனியா இருக்கவே பயமா இருக்கு." காலையில் நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று அதையும் ஒதுக்கினாள்.

இன்று ஜன்னலோரம் காலி. பேராசிரியர் தோழியின் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டு, "ஏன் வரலைன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார். தோழி வேறு யாரிடமாவது பேசியிருப்பாள் என்ற நம்பிக்கையில் ஆம்புலன்ஸ் சுற்றிலும் பார்த்தாள். இன்னும் நாலைந்து பேர் அவளைப் போலவே திருதிருவென்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சுக்கடியில் செய்தியைத் திறந்து, அழைப்பை அழுத்தினாள். 'ரிங்கிங்' என்ற எழுத்து திரையில் அசையாமல் நின்றது. 'எடுடி, எடுத்துடுடி' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, குழுவில் எவனோ நேற்றைய நோட்ஸ் கேட்டான். பழகிய கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. ஒதுக்கித் தள்ளினாள்.

எழுத்து மாறி நொடிகள் ஓடத் தொடங்கின. போனைக் காதில் வைத்தாள். "ம்" என்று ஈனமாக ஒரு குரல்.

"நான்தான்டி. வெச்சுடாத. எங்க இருக்க?"

"எங்கேம்மா எழுந்து போற?" என்றார் பேராசிரியர். பை பெஞ்சிலேயே கிடக்க, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் கதவைப் பார்த்து ஓடினாள்.