இருதயம்மாவின் கை

அடியாத மாடு படியாது என்பார்கள். லுணுகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதை வாயால் சொல்லித் திரியாமல் கையால் செய்து காட்டியவள் இருதயம்மா. கொழுந்து நிறுவையில் களவு செய்த கணக்கப்பிள்ளையின் தலையில் கூடையைக் கவிழ்த்து, விழுந்தவனை மிதித்தாள். குடித்துவிட்டு வந்த புருஷனின் கையை விறகுக் கட்டையால் முறித்தாள். கொழும்புக்குப் போன அவன் திரும்பவே இல்லை. மகன் ஜெஸ்டினுக்கும் அதே வைத்தியம்தான். கணக்கில் ஒரு பிழை விட்டால் முதுகில் ஒன்று விழும். அடித்துத்தான் இவனை ஏ.எல். பரீட்சை வரை கொண்டுவந்தேன் என்று கோயில் வாசலில் பெருமை பேசுவாள். நாங்களும் தலையாட்டிக்கொண்டு கேட்போம்.

ஜெஸ்டினுக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்காததால் அவள் காதுத் தோட்டை விற்றுப் பதுளையில் ஒரு தனியார் கேம்பஸில் சேர்த்தாள். அங்கே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணத்துக்குப் பொறுப்பாளி ஒருவரின் கையெழுத்தும் கேட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அடையாள அட்டையோ, ஆஸ்பத்திரியோ, கையெழுத்து என்றால் தொழிற்சங்கத் தலைவர்தான். தலைவர் கபிரியேலும் வழக்கம்போல் தன் பெயரையும் வங்கிக் கணக்கையும் எழுதிக் கொடுத்தார். இதில் என்ன வில்லங்கம் வரப்போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில், மிஞ்சிய இடங்களுக்கான பட்டியலில் ஜெஸ்டினுக்கு மட்டக்களப்பில் அரசாங்க இடமே கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் மூலச் சான்றிதழ்களோடு போய்ப் பதியாவிட்டால் அந்த இடம் போய்விடும். அவன் கேம்பஸிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தான். சான்றிதழ்களைப் பிறகு வந்து எடுத்துப்போகச் சொன்னார்கள். கட்டிய பணத்தைப் பற்றி அம்மா கேட்கும்போதெல்லாம் "இன்னும் வரலம்மா" என்றான்.

புதன்கிழமை அவன் பதிவுக்கான கடிதம் வாங்கக் கிராம சேவகரிடம் போயிருந்த நேரம் பார்த்து, இருதயம்மா சான்றிதழையும் பணத்தையும் வாங்கத் தனியாகப் பதுளைக்கு பஸ் ஏறினாள். கேம்பஸில் கண்ணாடிக்குப் பின்னால் காசாளராக ஸைனப் என்ற பிள்ளை இருந்தாள். அந்தப் பிள்ளை சான்றிதழ் உறையை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் வைத்தாள்.

"இந்தாங்கம்மா சேட்டிபிகேட். உங்கட மகன்ட சல்லிய போன கெழமயே பொறுப்பாளிட எக்கவுண்டுக்குப் போட்டாச்சு."

"பெத்தவ நான் இங்க நிக்கிறேன். எங்காச அந்தக் கபிரியேலுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"கையெழுத்து வெச்ச ஆளுக்குத்தான் குடுப்போம். ரூல்ஸ் அப்படித்தானே."

உறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் போதும். பாழாய்ப்போன கோபம் விட்டதா? பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி வீசினாள். கண்ணாடி முழுதாக உடைந்து சரிந்தது. ஸைனப்பின் நெற்றி கிழிந்து, முக்காடு ரத்தத்தில் நனைந்தது. காவலாளி ஓடிவந்து பொல்லால் இருதயம்மாவின் தோளில் அடித்தான். விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கவ்விய கவ்வில் சதை பிய்ந்துவிட்டது. பிறகு பொலிஸ் வந்தது.

கண்ணாடிச் செலவும் ஸைனப்பின் மருந்துச் செலவும் ஜெஸ்டினின் கணக்கில் ஏறின. கட்டும்வரை சான்றிதழ் கிடையாது என்று மேனேஜர் அந்த உறையை உள்ளே வைத்துப் பூட்டினார். செலவைக் கட்டினால் போதும் என்று கேம்பஸ் சொல்லிவிட்டதால், பொலிஸ் அவளை எச்சரித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பியது.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கபிரியேல் நின்றிருந்தார். இருதயம்மா வீட்டிலிருந்தே விறகுக் கட்டையோடு வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடியில் அவருடைய முன்பல் தெறித்தது. அடுத்ததில் காது கிழிந்தது. விழுந்தவரின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, "எம்புள்ள சல்லிய எங்கடா வெச்ச?" என்று மறுபடியும் ஓங்கினாள். விலக்கப்போன எனக்கும் முழங்கையில் ஒன்று விழுந்தது. கபிரியேல் வாய் நிறைய ரத்தத்தோடு சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

ஜெஸ்டின் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தான்.

"நான்தாம்மா அவர வெச்சிருக்கச் சொன்னேன். பாதிதான் வந்துச்சு. சேர்றப்ப கட்டினத திருப்பித் தர மாட்டாங்களாம். சொன்னா அடிப்பீங்கன்னு பயந்து சொல்லல."

இருதயம்மா கட்டையைக் கீழே போட்டாள். கபிரியேல் எழுந்து உட்கார்ந்து, ஜெஸ்டின் புறப்படும்போது கொடுக்கவென்று வங்கியிலிருந்து எடுத்து வந்திருந்த பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தார். அந்த மனுஷன் அவள்மேல் முறைப்பாடுகூடச் செய்யவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மட்டக்களப்பில் தங்குமிடத்துக்கு என்று ஒளித்து வைத்த அந்தப் பணம் உடைந்த கண்ணாடிக்கே போய்விட்டது. ஜெஸ்டின் அன்று பகலே பதுளைக்குப் போய் அதைக் கட்டிச் சான்றிதழை மீட்டு வந்தான். பஸ் கூலிக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

பின்னேரம் லுணுகலையில் மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றோம். பிள்ளைகள் தூரம் போகும்போது நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வேதக்காரர் வழக்கம். பஸ் வந்து நின்றது. இருதயம்மா அழுதுகொண்டே மகனின் நெற்றியை நோக்கிக் கையைத் தூக்கினாள்.

ஜெஸ்டின் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டான்.