வேன் போகும் கடற்கரையும் நடந்து போன மணல்திட்டும்

நான் கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தால், மறுநாளே நன்னிலத்தில் எங்கள் வாசலுக்கு வேன் வந்துவிடும். அக்கா குடும்பம், மச்சான் குடும்பம் எல்லோரும் ஏறி வேளாங்கண்ணிக் கடற்கரைக்குப் போவோம். எனக்கு அந்தக் கூட்டம் ரொம்பப் பிடிக்கும். மீன் பொரிக்கும் சத்தம், பலூன்காரர் ஊதல், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதுதான் எனக்கு வசதி. ஒவ்வொரு முறையும் என் மனைவி அலையோரத்தில் நின்று, "இனிமேலும் கத்தாருக்குப் போகத்தான் வேணுமாங்க?" என்பாள். நான் காதில் கை வைத்து, "என்ன? காதுல விழல" என்று சொல்லிவிட்டு சுண்டல் வாங்கப் போய்விடுவேன். பன்னிரண்டு வருஷம் சுண்டல் தின்றே தப்பித்தேன்.

இந்த மாசியில் வந்தபோது சம்பா அறுவடை முடிந்திருந்தது. ஆறு மா நிலத்தையும் அவளே தனியாக நின்று பார்த்திருந்தாள். "வேன் வேண்டாம், நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்" என்றாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவளே வழி சொன்னாள். வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனோம். கரையை ஒட்டி ஓர் உப்போடை, அதற்கு அப்பால் நீளமாக ஒரு மணல்திட்டு. முழங்கால் தண்ணீரில் நடந்தே கடந்தோம்.

திட்டில் கடை இல்லை, ஆள் இல்லை. நண்டுகளும் நாலைந்து கொக்குகளும்தான். புளிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் எனக்கு போரடித்துவிட்டது. கிளம்பலாம் என்று வந்து பார்த்தால் ஓடையில் தண்ணீர் மார்பளவு. அவளுக்கு நீச்சல் தெரியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனையோ நாள் ஆகும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வரும். கடல் சொல்லாமல் ஏறும் என்று இந்த வயக்காட்டு மண்டைக்குத் தோன்றவேயில்லை.

அக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர், "சாயங்காலம் வத்திரும், உக்காருங்க!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது.

உட்கார்ந்தோம். அவள் அதே கேள்வியைக் கேட்டாள். பழக்கத்தில் என் கை காதுக்குப் போனது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

"பயமா இருக்கும்மா" என்றேன். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கிற. இங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"களை நிறைய இருக்கு" என்றாள்.

சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் இதற்கா ஓடி ஒளிந்தோம் என்றிருந்தது. "சரி, இனிமே போகல" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காதில் கை வைத்து, "என்ன? காதுல விழல" என்றாள்.

உரக்கச் சொன்னேன். அக்கரையில் மீனவர் திரும்பிப் பார்த்தார்.