பேரை அடித்துவிட்டுக் காட்டவும்

கேட்டதற்குப் பதில் போக வேண்டும், ஆனால் பதிலில் ஒன்றும் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் தகவல் உரிமை செக்‌ஷன் வேலை என்றால் இவ்வளவுதான். முப்பது நாள் கெடுவைக் காலண்டரில் வட்டம் போட்டு, அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே பிரஷர் மாத்திரைக்கு வந்துவிட்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். பேரைச் சொல்ல மாட்டேன், மறைத்து மறைத்துப் பழகிவிட்டது. பதினாலு வருஷமாக அங்கே நான் உதவியாளர். யாருக்கு எப்படி வேலை போட்டீர்கள் என்று எவர் எழுதிக் கேட்டாலும் அந்தக் கவரை முதலில் கிழிப்பது இந்தக் கைதான்.

மாப்பிள்ளை எப்படி?

புதுச்சேரியிலேயே இருக்கும் கதிர்காமத்திலிருந்து ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். தகவல் கேட்பதற்குக் காரணம் எழுத வேண்டியதே இல்லை. இவரோ முழுசாக ஒரு பக்கம் எழுதியிருந்தார். பேத்திக்கு வரன் வந்திருக்கிறது, பையன் உங்களிடம் உதவிப் பேராசிரியராம், பர்மனெண்டா காண்ட்ராக்டா, நியமன ஆணை நகல் வேண்டும் என்று.

எங்கள் துணைப் பதிவாளர் சார் படித்துவிட்டு, "இதெல்லாம் தனிப்பட்ட விஷயம், குடுக்க முடியாதுன்னு எழுதிடும்மா" என்றார். எழுதினேன். பதிலை வாங்க நேரிலேயே வந்துவிட்டார் பெரியவர். நின்றபடியே படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கோபமே இல்லை.

"பர்மனெண்டா இருந்தா ஃபிரேம் போட்டே குடுத்திருப்பீங்க மேடம், புரிஞ்சிபோச்சு."

பதினோரு கட்டு

இப்போது சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த கதை. ஜரினா என்று ஒரு பெண். வேதியியலில் டாக்டர் பட்டம், தனியார் கல்லூரியில் எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. எங்களிடம் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடத்துக்கு இன்டர்வியூ வந்தாள். காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது பேர் அவள். முதலில் எடுத்தவர் வேறு ஊரில் வேலை கிடைத்துச் சேராமலே போய்விட்டார். அப்படியானால் பட்டியலில் முதல் ஆளுக்குத்தான் வேலை. யார் அந்த முதல் ஆள் என்று யாருக்கும் தெரியாது, நோட்டீஸ் போர்டில் வெறும் நம்பர்தான். பட்டியலுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு, அதில் பத்து மாசம் போயே போய்விட்டது, ஆர்டர் இன்னும் யார் கைக்கும் வரவில்லை. இன்டர்வியூ மார்க் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதினாள்.

சார் எப்பேர்ப்பட்ட ஆள்! நகலும் தரவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கோப்பு பெரிது, நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதச் சொல்லிவிட்டு, நாலு வருஷத்து நியமனக் கோப்புகளையும் கலந்து பதினோரு கட்டாக மேஜையில் அடுக்க வைத்தார். பார்த்ததுமே ஓடிவிடுவாள் என்று கணக்கு. அவளோ டிஃபன் பாக்ஸைத் திறந்து எனக்கும் ஒரு இடியாப்பம் எடுத்து வைத்துவிட்டு, முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள். பக்கத்தைக் கிழித்துவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது என் டியூட்டி. மூன்றாம் நாள் எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு.

"நீங்க வேணா கொஞ்சம் சாஞ்சிக்கோங்கக்கா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

கறுப்பு மார்க்கர்

ஒன்பதாவது கட்டில் மார்க் ஷீட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் அதைத் தொடுவதற்கு முந்தின நாளே சார் அந்தக் கோப்பில் பச்சை மையில் எழுதினார்: "பேரை அடித்துவிட்டுக் காட்டவும்." நகல் எடுத்து, நகலில் அடிக்க வேண்டும், பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த முறை. அன்றைக்கென்று ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர். என் புத்தி எங்கே போச்சோ, மார்க்கரை எடுத்து ஒரிஜினலிலேயே ஒன்பது பேரையும் தார் ரோடு மாதிரி பூசிவிட்டேன். அய்யய்யோ என்று கத்தியபோது மை காய்ந்துவிட்டது.

இனிமேல் எந்த மார்க் யாருடையது என்று பல்கலைக்கழகத்துக்கே தெரியாது. சஸ்பென்ஷன்தான் என்று சார் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"பதினாலு வருஷத்துல இதான் வசந்தா நீ உருப்படியா செஞ்ச வேலை."

அஞ்சாவது வரி

அந்தத் தாளை ஜரினாவிடம் நீட்டும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது கறுப்புப் பட்டை, எதிரே மார்க். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலை வைத்து மேலிருந்து எண்ணினாள். "மூணாவது நான். கூப்பிட்ட வரிசைதானே இது?" ஆமாம், கடிதம் போன வரிசைதான், அன்றைக்குப் பியூன் உள்ளே கூப்பிட்டதும் அதே வரிசையில்தான். மூன்றாவது வரியில் நாற்பத்தேழு. அஞ்சாவது வரியில் நாற்பத்தொன்பது. காத்திருப்புப் பட்டியலின் முதல் ஆள் அதுதான், அந்த இரண்டு மார்க்கில்தான் அவள் பின்னால் நிற்கிறாள்.

அஞ்சாவது வரியில் விரல் அப்படியே நின்றுவிட்டது. இன்டர்வியூ அன்றைக்குச் சர்டிஃபிகேட்டைத் திருப்பித் தரும்வரை அவளும் வராண்டாவிலேயே இருந்தாளாம். அஞ்சாவது பேரைப் பியூன் மூன்று தடவை கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை, நேராக ஆறாவது ஆள் உள்ளே போனார் என்றாள். அன்றைய கையெழுத்துத் தாளைத் தேடினோம், பதினோரு கட்டிலும் இல்லை. மேல்முறையீடு எப்படி எழுதுவது என்று கேட்டாள். நான் சொல்லித் தரக் கூடாது. சொல்லித் தந்தேன். மாதிரி மனுவை மேஜையில் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"அக்கா, வராத ஆளுகிட்ட எப்படிக்கா தோத்துப்போறது?"

காலிக் கட்டம்

விசாரணை நாள் வந்தபோது பட்டியலுக்குப் பன்னிரண்டு நாள்தான் உயிர் பாக்கி. மேல்முறையீட்டு அதிகாரி நடுவில், தேர்வுக் குழுப் பேராசிரியர் ஒருவர் இடது பக்கம், சார் வலது பக்கம், கோப்போடு நான் மூலையில். வராதவருக்கு மார்க் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். பேராசிரியர் நல்லவர்தான், கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "காலியா விட்டா ஆடிட்ல கேப்பாங்களேன்னு ஆவரேஜ் போட்டுட்டோம். ஃபர்ஸ்ட் வந்தவரு எண்பது வாங்கினதுல ஆவரேஜ் இவ்ளோ ஏறும்னு யாருக்குத் தெரியும்?" உடனே சார் எழுந்து, அவர் வரவில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றார். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள்ளேயே திட்டினேன். ஆதாரத்தைத் தொலைத்தது யாராம்?

அனுப்பின கடிதங்களின் பதிவேட்டைப் பார்த்து, அந்த அஞ்சாவது ஆளையும் வரச் சொல்லியிருந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் சொற்பச் சம்பளத்தில் இருப்பவர், பேர் முருகவேல். அவர் வாயைத் திறந்து 'வந்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவருக்கு, ஜரினா வீட்டுக்கு. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாமி கும்பிட்டேன், அவளுக்காக அவள் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டேன். அதிகாரி கேட்டார், "அன்னிக்கு இன்டர்வியூக்கு வந்தீங்களா?" முருகவேல் ஜரினாவை ஒரு தடவை பார்த்தார். "வரல சார். என் பொண்டாட்டிக்கு அன்னிக்கு கோரிமேடு ஆஸ்பத்திரியில பிரசவம். பொண்ணு பொறந்தா சார்."

அஞ்சாவது வரியை அடித்துவிட்டு ஒன்பதாம் நாள் ஜரினாவுக்கு ஆர்டர் போனது. அந்த உறையை ஒட்டும்போது நான் அழுதேன், பசையே தேவைப்படவில்லை. விசாரணை முடிந்து வெளியே வந்த முருகவேலிடம், உங்களுக்கு வருத்தமில்லையா தம்பி என்று கேட்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"வருத்தம்லாம் இல்லக்கா, வராததுக்கே நாப்பத்தொம்பதுன்னா வந்திருந்தா எவ்ளோ போட்டிருப்பாங்கன்னுதான் பாக்கறேன்."

இப்போதெல்லாம் இன்டர்வியூ நாளில் எங்கள் ஆபீசுக்கு வந்தவர்களைவிட வராதவர்களிடம்தான் பயம் அதிகம்.